அட்டையில் டிடிஐ இருக்கிறதா? டெக்சாஸில் இரண்டு மருத்துவக் காப்பீடுகள்

இந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு திட்டங்கள் இருந்தன. என் கம்பெனி பெரியது. ஊழியர்களின் மருத்துவச் செலவைச் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கிறது (இதைத்தான் 'செல்ஃப் ஃபண்டட்' என்கிறார்கள்). காப்பீட்டு நிறுவனம் கணக்கு வழக்கை மட்டும் பார்க்கிறது. மனைவியின் கம்பெனி சின்னது, பிரீமியம் கட்டி பாலிசி வாங்கியிருக்கிறது. நாங்கள் எடுத்தது மனைவியின் பாலிசியை.

பிரீமியமும் டாக்டர் பட்டியலும் எல்லோரும் பார்ப்பதுதான். பிள்ளைகளை 26 வயது வரை வைத்துக்கொள்வது, பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது, இவை 2010இன் மத்திய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் (ஒபாமாகேர்) இரண்டுக்கும் பொது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது ஒரே கேள்வி: கிளெய்மை மறுத்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது? 1945இல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டு மேற்பார்வையை மாநிலங்களின் கையில் விட்டது. ஆனால் கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் நலத் திட்டங்களுக்கான மத்தியச் சட்டமான 1974இன் எரிசா சட்டப்படி, கம்பெனி தன் பணத்தில் நடத்தும் திட்டத்தை மாநிலம் காப்பீடாகவே கருத முடியாது. ஆகவே டெக்சாஸ் சட்டமன்றம் என்ன விதி போட்டாலும் என் கம்பெனித் திட்டத்தை அது கட்டுப்படுத்தாது. 2021இல் வந்த 'கோல்ட் கார்டு' சட்டத்தையே பாருங்கள். ஒரு சிகிச்சைக்கு டாக்டர் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்ட முன் அனுமதிகளில் 90 சதவீதமாவது கிடைத்திருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் மறுபடி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். இது மாநில மேற்பார்வையில் உள்ள பாலிசிகளுக்குத்தான்.

மனைவியின் காப்பீட்டு அட்டையில் சின்னதாக டிடிஐ என்று அச்சிட்டிருக்கிறது. டெக்சாஸ் காப்பீட்டுத் துறையின் பொறுப்பில் உள்ள பாலிசி என்பதற்கு அதுதான் அடையாளம் (சில அட்டைகளில் டிஓஐ). அந்தத் துறைக்குச் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம், நிறுவனம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். என் அட்டையில் அந்த எழுத்து கிடையாது. அங்கே சிக்கல் வந்தால் மத்தியத் தொழிலாளர் துறைதான். அதன் ஆலோசகர்கள் நமக்காகக் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதுவரை இரண்டு இடத்திலும் நாங்கள் புகார் கொடுக்க நேரவில்லை, அதனால் எது வேகம் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. கோர்ட்டுக்குப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை வழியாக வந்த பாலிசி என்பதால் இரண்டுமே எரிசாவுக்குள்தான்; 1987இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது.

அடிக்கடி மாநிலம் மாறுகிறவர்களுக்குப் பெரிய கம்பெனித் திட்டமே வசதி, எங்கே போனாலும் ஒரே விதி. மற்றவர்கள் கையெழுத்துப் போடும் முன் எச்ஆரிடம் 'இது செல்ஃப் ஃபண்டடா?' என்று கேட்டுவிடுங்கள்.