பழைய ஃபைபர் படகைத் திருத்த பொலியெஸ்டரா, எபொக்சியா? திருகோணமலை வெயிலில் ஓர் ஒப்பீடு

திருக்கடலூரிலும் சல்லியிலும் கிண்ணியாப் பக்கமும் வீட்டு வளவுகளில் பழைய ஃபைபர் படகுகள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். 18, 19 அடி நீளம், பின்னால் ஒரு இஞ்சின் பூட்டுகிற அளவு. அவற்றில் பல இன்னும் கடலுக்குப் போகக்கூடியவை. கண்ணாடி இழையும் ரெசினும் (கலந்து ஊற்றினால் இறுகுகிற பிசின்) சேர்ந்த ஓடு இலகுவில் கெடாது. முதலில் கெடுவது அதற்குள் வைத்து மூடிய மரம், அடுத்தது மேல்பூச்சு. இரண்டையும் வீட்டில் வைத்தே திருத்தலாம்.

இறங்கியதும் வருகிற முதல் கேள்வி, எந்த ரெசின் வாங்குவது என்பது. கடைக்காரர் ஒன்று சொல்வார், படகு கட்டுகிறவர் இன்னொன்று சொல்வார், யூடியூப் காணொளி மூன்றாவது ஒன்றைச் சொல்லும். எந்த இடத்தில் ஒட்டுகிறோம், எந்த மாதத்தில் ஒட்டுகிறோம் என்ற இரண்டையும் வைத்துத்தான் ரெசினைத் தெரிய வேண்டும் என்பது என் முடிவு. விலை அதற்குப் பிறகுதான்.

ரெசின் வாங்க முன்னர் ஒரு சின்ன சுத்தியலால் படகு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். தளம் (இழை அடுக்கு) பிரிந்த இடமும் உள்ளே மரம் உக்கிய இடமும் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் உள்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை போட்டால் துரப்பணத்தோடு வருகிற தூள் உண்மையைச் சொல்லிவிடும். காய்ந்த வெளிர் தூள் என்றால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் அந்தப் பலகையைக் கழற்றத்தான் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த படகுகளில் அவசரத்தில் கட்டப்பட்ட, தரம் குறைந்தவையும் இருந்தன. கைவசம் இருப்பது அந்தக் காலத்துப் படகு என்றால் ஓட்டின் தடிப்பையும் அளந்து பார்ப்பது நல்லது. அடிப்பகுதி கையால் அமத்தும்போதே உள்வாங்கினால் திருத்தச் செலவு வேறு கணக்கு.

இரண்டு ரெசின், இரண்டு குணம்

நம் படகுகள் எல்லாம் பொலியெஸ்டரில் வார்த்தவை. வெட்டிழை மேட் ஒரு தளம், நெய்த துணி ஒரு தளம் என்று மாறி மாறிப் போட்டிருப்பார்கள். அதனால் திருத்தவும் அதே சாமான்தானே சரி என்று தோன்றும். புதுப் படகு வார்க்கும்போது அது சரி. முதல் தளம் முற்றாக இறுக முன்னரே அடுத்த தளம் ஏறுவதால் இரண்டும் இரசாயன முறையில் ஒன்றாகிவிடும். இருபது வருடம் பழைய ஓட்டில் அந்த வாய்ப்பு இல்லை. அது இறுகி முடிந்துவிட்டது. புது ரெசின் அதைப் பிடித்துக்கொள்வது தேய்த்த கீறல்களில் மட்டும்தான், ஆகவே இது வெறும் ஒட்டு வேலை. ஒட்டு என்று வந்தால் எபொக்சிக்குப் பக்கத்தில் பொலியெஸ்டர் நிற்காது. பொலியெஸ்டர் இறுகும்போது நன்றாகச் சுருங்குவதால் ஒட்டின் ஓரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். எபொக்சி சுருங்குவது மிகக் குறைவு. தண்ணீர் உட்புகுவதையும் அது கூடுதலாகத் தடுக்கும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் எபொக்சியிலேயே செய்துவிடலாமே? அங்கேதான் மூன்று தடைகள்.

விலை பல மடங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் கிடைக்கிற வெட்டிழை மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பசை, பொலியெஸ்டரில் இருக்கிற ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்தது. எபொக்சியில் ஸ்டைரீன் இல்லை. பசை கரையாமல் மேட் விறைத்தபடி நிற்கும், வளைவுகளில் படியாது, உள்ளே காற்று சிறைப்படும். ஆகவே எபொக்சி வாங்கினால் கூடவே நெய்த துணியோ, குறுக்காகத் தைத்த இருதிசைத் துணியோ வாங்க வேண்டும். மூன்றாவது, எபொக்சிக்கு மேலே ஜெல்கோட் (ஃபைபர் படகின் நிறம் கொண்ட தடித்த மேல்பூச்சு) ஒழுங்காகப் பிடிக்காது. அந்த இடத்துக்குப் பெயின்ட்தான். பெயின்ட் இல்லாமல் எபொக்சியை வெயிலில் விடவும் கூடாது. மஞ்சளாகி மாப்போல் உதிரும்.

கலக்கிற முறையும் வேறு வேறு. பொலியெஸ்டருக்குக் கட்டலிஸ்ட் (அதை இறுகவைக்கிற திரவம்) எடையில் 1 முதல் 2 வீதம். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் வெயிலில் 1 வீதமே போதும், அதற்குக் கீழே போனால் முழுதாக இறுகாது. கையாளும் நேரத்தை இந்த அளவை வைத்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எபொக்சியில் அந்தச் சலுகை கிடையாது. ரெசினுக்கும் அதை இறுகவைக்கிற ஹார்ட்னருக்கும் 2க்கு 1 என்று போட்டிருந்தால் 2க்கு 1தான். ஹார்ட்னரைக் கூடப் போட்டால் கெதியாக இறுகும் என்று நினைத்து ஊற்றினால் கடைசிவரை ரப்பர் மாதிரியே கிடக்கும். வேகம் வேண்டுமென்றாலும் தாமதம் வேண்டுமென்றாலும் ஹார்ட்னரின் வகையைத்தான் மாற்ற வேண்டும். இங்கே வாங்க வேண்டியது மெதுவாக இறுகும் வகை. எதுவானாலும் கப்பில் குவித்து வைக்காதீர்கள். அரைக் கிலோ எபொக்சி கப்புக்குள் நின்றால் சூடேறிப் புகை வரும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் நிதானமாக வேலை செய்யலாம்.

இடையில் வினைல் எஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒட்டும் பலமும் நீர் தாங்கும் குணமும் பொலியெஸ்டரை விட மேல், மேலே ஜெல்கோட்டும் ஏறும். எழுத்தில் பார்த்தால் இதுதான் வெல்ல வேண்டியது. ஆனால் டின்னுக்குள் இது கெடாமல் இருக்கும் காலம் குறைவு, சூட்டில் இன்னும் குறைவு. தயாரித்த திகதி தெரியாத ஒரு டின்னை நம்பிப் படகின் அடிப்பகுதியை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன். திகதி தெரிந்து, புதிதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

பொலியெஸ்டர்தான் முடியும் என்றால், அதன் இரண்டு வகைகளில் ‘ஐசோ’வா ‘ஓர்தோ’வா என்று கேட்டு ஐசோவை வாங்குங்கள். தண்ணீரில் கிடக்கிற சாமானுக்கு அந்த வித்தியாசம் முக்கியம். மெழுகு கலந்ததா என்றும் கேளுங்கள். மெழுகில்லாதது காற்றுப்படும் பக்கம் பிசுபிசுத்தே நிற்கும், அடுத்த தளம் ஏற்ற அது வசதி. மெழுகு கலந்தது கடைசித் தளத்துக்கு. இடைத் தளத்தில் மெழுகு விழுந்தால் அடுத்தது பிடிக்காது.

என் பங்கீடு இப்படி: பழையதும் புதியதும் சந்திக்கிற இடம், மரமும் ஃபைபரும் சந்திக்கிற இடம், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டையும் வெடிப்பும் எபொக்சிக்கு. இருக்கைப் பெட்டி, உள்தரையின் மேல்மூடி மாதிரி வேறாக வார்த்துப் பூட்டுகிறவை பொலியெஸ்டருக்கு. நீர்மட்டத்துக்கு மேலே ஜெல்கோட் நிறத்தோடு பொருந்த வேண்டிய சின்னக் காயங்களும் பொலியெஸ்டருக்கே.

எதை ஊற்றினாலும் அதன் கீழே தேய்த்த தேய்ப்புதான் ஒட்டைத் தாங்கும். வெடிப்பைச் சுற்றி தடிப்பின் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 4 மில்லிமீற்றர் ஓடு என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 5 சென்றிமீற்றர். வெடிப்பின் மேல் பட்டி பூசி மறைப்பது திருத்தமே அல்ல.

வாடையா, கச்சானா

கிழக்குக் கரையில் படகு ஓய்வெடுப்பது வாடைக் காலத்தில். ஒக்டோபரில் மழை இறங்கினால் ஜனவரி வரை கடலும் கரடு, படகும் கரையில். கையில் நேரம் இருக்கிற காலம் அது. ரெசின் வேலைக்கு அதைவிட மோசமான காலம் இல்லை. ஈரக்காற்றில் பொலியெஸ்டர் சரியாக இறுகாது. எபொக்சியின் மேலே வழுவழுவென்று மெழுகுபோல் ஒரு படலம் வரும். அதைக் கழுவாமல் அடுத்த தளம் போட்டால் உரிந்து வரும். அந்தப் படலம் தண்ணீரில் கரையும். நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற பச்சைத் தும்பும் போதும். அசற்றோனால் துடைத்தால் படலம் பரவுமே தவிர போகாது.

அதனால் வாடையில் உடைக்கிற வேலை, கச்சானில் (தென்மேல் காற்றுக் காலத்தில்) ஒட்டுகிற வேலை என்று பிரிப்பதுதான் புத்தி. மழைக் காலத்தில் கூரைக்குக் கீழே வைத்து உக்கிய மரத்தைத் தோண்டலாம், பழைய பூச்சைத் தேய்க்கலாம், உள்தரைக்குக் கீழே தண்ணீர் குடித்துப் பாரமேறிய நுரையை அள்ளி எறியலாம். பிறகு ஓடு காய வேண்டும். மாசி, பங்குனி வெயில் அதைச் செய்து தரும்.

ஆனி, ஆடிக் கச்சான் வறண்டது, சூடானது. ஒட்டுக்கு நல்லது, ஆனால் நேரம் பார்க்க வேண்டும். பொலியெஸ்டரை வெயில் ஏற முன்னர், காலையில் செய்யுங்கள். மத்தியானத்தில் தூரிகை முக்குவதற்குள் கட்டியாகிவிடும். மரத்தில் எபொக்சி பூசுவதோ பின்னேரம். சூடேறுகிற மரம் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும், பூச்சு முழுக்கக் குமிழ் போடும். சூடு இறங்குகிற நேரத்தில் அதே மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். கச்சான் மண்ணை அள்ளி வருவதால் காற்று வருகிற பக்கம் ஒரு தறப்பாளும் கட்டவேண்டும்.

பின்பலகைக்கு என்ன வைப்பது

இஞ்சின் பூட்டுகிற பின்பலகைதான் இந்த முழு வேலையின் உயிர். 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் 36 முதல் 40 கிலோ அளவில் இருக்கும், அதே வலுவில் நான்கு ஸ்ட்ரோக் 50 கிலோவை நெருங்கும். பழைய படகுக்குப் புது நான்கு ஸ்ட்ரோக் வாங்க நினைப்பவர்கள் பலகையையும் அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி பார்க்க வேண்டும்.

ஊரில் முதலில் வருகிற யோசனை நல்ல மரப்பலகை. இந்த ஊரின் பெயராலேயே ஆங்கிலேயர் அறிந்திருந்த சமண்டலை, படகு கட்டப் பெயர்போன மரம். முதிரை இன்னும் வைரம். மரப் படகுக்கு அவை சரி. ஃபைபருக்குள் மூடி வைக்கச் சரிவராது. முழுப்பலகை ஈரத்துக்கு அகலவாக்கில் விரிந்து சுருங்கும், அந்த அசைவை ஓடு தாங்காது. எண்ணெய்ப் பிடிப்புள்ள வைரமரத்தில் ரெசினும் சரியாகப் பற்றாது. இவ்வளவு நல்ல மரத்தை உள்ளே புதைத்து வீணாக்குவது எனக்குப் பொறுக்காது.

மரீன் பிளைவூட் இதைச் சரிசெய்கிறது. தளங்கள் குறுக்கும் நெடுக்கும் இருப்பதால் விரிவு மிகக் குறைவு. பிஎஸ் 1088 என்ற முத்திரை நல்ல அடையாளம், ஆனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வைத்துக் காயவிடுங்கள். தளம் பிரிந்தால் அது படகுக்கல்ல. வெட்டிய ஓரத்தில் உள்ளே வெற்றிடம் தெரிந்தாலும் வேண்டாம். 18 மில்லிமீற்றர்ப் பலகை இரண்டை எபொக்சியால் ஒட்டினால் 36 மில்லிமீற்றர் வரும். இருபக்க ஃபைபர்த் தோலும் சேர்ந்தால் பழைய தடிப்புக்குக் கிட்ட வந்துவிடும். இஞ்சினின் பிடி எவ்வளவு திறக்கும் என்பதை அளந்த பிறகே தடிப்பை முடிவெடுங்கள். பலகையின் வெட்டோரங்களுக்கு எபொக்சி மூன்று தரம் பூசவேண்டும், தண்ணீர் புகுவது அங்கேதான்.

மரமே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. கண்ணாடி இழை கலந்த அடர்த்தியான பொலியூரத்தேன் பலகை, கூசா என்ற பெயரில் வருவது அந்த வகை. பாரம் குறைவு, உக்காது. மற்றது ஊற்றி வார்க்கிற கலவை: இரு தோலையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள உக்கிய மரத்தை மட்டும் தோண்டி அதற்குள் ஊற்றுவது. இரு பக்கத் தோலையும் வெட்டாமல் முடிகிற வழி அது, ஆனால் இந்தச் சூட்டில் அவ்வளவு தடிப்பாக ஊற்றினால் வெந்து வெடிக்கலாம், மூலைக்குள் ஒட்டியிருக்கிற ஈரமரத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. டின்னில் வருகிற பொங்கும் நுரையைப் பின்பலகைக்குள் அடைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். போல்ட் இறுக்கும்போதே அது நசியும்.

நான் பிளைவூட்டைத்தான் தெரிவேன். நம் படகுகள் திறந்தவை, உள்தோலை வெட்டிக் கழற்றி உள்ளேயிருந்தே புதுப்பலகை ஏற்றலாம், வெளித்தோல் அச்சுமாதிரி நிற்கும். ஒழுங்காக மூடிய பிளைவூட் பல வருடம் தாங்கும். போல்ட் ஓட்டையை மூடாமல் விட்டால் கூசாவிலும் அதன் வழியே தண்ணீர் புகுந்து தோல் பிரியும்.

மேல்பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜெல்கோட் தடிப்பானது, மணலில் இழுக்கும் படகுக்கு நல்லது, ஆனால் எபொக்சிக்கு மேல் இல்லை. இரண்டு கலவைப் பொலியூரத்தேன் பெயின்ட் எபொக்சி பிரைமரின் மேல் வடிவாகப் பிடிக்கும், வெயிலையும் தாங்கும். எனமல் மலிவு, அடிக்கடி அடிக்க வேண்டும். நிறம் வெள்ளையோ வெளிர் நிறமோ. சாதாரண சூட்டில் இறுகிய எபொக்சி 50, 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும், ஆடி மாத வெயிலில் கருநீலப் படகின் மேற்பரப்பு அந்தச் சூட்டை எட்டிவிடும்.

வளவில் செய்கிறவர்கள் கிணற்றையும் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். நம் மணல் தரை எதையும் வடித்துக் கிணற்றுக்குள் அனுப்பும். மிஞ்சிய ரெசினை இறுகவிட்டு எறியுங்கள், அசற்றோனை நிலத்தில் ஊற்றாதீர்கள். கட்டலிஸ்டையும் பொலியெஸ்டரை வேகமாக இறுகவைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிய பிறகுதான் கட்டலிஸ்ட். கட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். தூசிக்கு ஒரு முகமூடி, ஸ்டைரீன் மணத்துக்குக் கரி அடைத்த வேறு முகமூடி. எபொக்சி ஹார்ட்னர் தோலில் படப்பட ஒவ்வாமையாகி அந்த வேலையையே விடவேண்டி வரும், கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

எபொக்சி முழுப் பலம் பெற ஒரு கிழமை கொடுங்கள். அதன் பிறகு போல்ட் ஓட்டைகளைத் தேவையானதை விடப் பெரிதாகத் துளைத்து, தடித்த எபொக்சியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்து இஞ்சினைப் பூட்டலாம். முதல் ஓட்டத்துக்கு வாடை தொடங்க முன்னர், கொட்டியாரக் குடாவின் கரையோரமாகக் காலையில் போய் வாருங்கள். திரும்பி வந்து போல்ட்டுகளை இன்னொரு தரம் இறுக்கி, பின்பலகையின் அடி மூலைகளில் ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.