எல்பா அம்மாவின் மஞ்சள் ரோஜா: சான் சால்வடோர் மறைசாட்சிகள் நினைவகம்

எங்கள் பங்குச் சாமியார் பங்களாவின் குசினியில் அம்மா 22 வருஷம் சமைத்தார். அதனால்தானோ என்னவோ, எல் சால்வடோரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது என் கண் பெரிய பெரிய குருக்களைத் தேடவில்லை. எல்பா ராமோஸைத் தேடியது. அவர் அங்கிருந்த சேசு சபைத் துறவிகளின் சமையல்காரர்.

1989 நவம்பர் 16, விடியாத வேளை. உள்நாட்டுப் போர் தலைநகருக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. 'அட்லகாட்ல்' என்ற அரசுப் படைப்பிரிவின் ராணுவத்தினர் வளாகத்துக்குள் புகுந்து, பல்கலைக்கழகத் தலைவர் இக்னாசியோ எல்லகூரியா உட்பட 6 சேசு சபைக் குருக்களைக் கொன்றார்கள். சாட்சி யாரும் மிஞ்சக்கூடாது என்பது உத்தரவு. தங்கள் வீட்டுப் பக்கம் சண்டை என்று பயந்து, குருக்களின் இடமே பாதுகாப்பு என்று நம்பி அங்கே வந்து படுத்திருந்த எல்பாவையும் 16 வயது மகள் செலினாவையும் விட்டுவைக்கவில்லை. மகளைக் கட்டிப்பிடித்தபடியே எல்பா கிடந்தார்.

நினைவகம் சின்னதுதான். கண்ணாடிப் பேழைகளில் அன்றிரவு அவர்கள் உடுத்தியிருந்த துணிகள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்களின் வீட்டு உடுப்பு, அதில் குண்டு துளைத்த ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நூல் பிரிந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. 1980 மார்ச் 24 அன்று திருப்பலியில் சுடப்பட்ட சான் சால்வடோர் பேராயர் ரொமேரோவின் நினைவுகளும் இங்கே உண்டு. உடல்களின் படங்கள் தனி ஆல்பங்களில் இருக்கின்றன. நாமாகத் திறந்தால்தான் தெரியும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைக் கவனத்தில் வையுங்கள்.

அப்புறம் வெளியே வாருங்கள். குருக்களை இழுத்து வந்து சுட்ட புல்வெளியில் இன்று ரோஜாத் தோட்டம். நட்டவர் ஒப்துலியோ, எல்பாவின் கணவர். குருக்களுக்கு 6 சிவப்பு ரோஜா, மனைவிக்கும் மகளுக்கும் 2 மஞ்சள். மனைவியும் மகளும் செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மண்ணைக் கொத்தி, குழி வெட்டி, தண்ணீர் ஊற்றியிருக்கிறார் அந்த மனிதர். நான் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாமியாருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு இருட்டில் வீடு திரும்பும் அம்மா, கையில் தூக்குச்சட்டியோடு, கண்முன்னே வந்துகொண்டே இருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் ஸ்பெயின் நீதிமன்றம், இந்தக் கொலை வழக்கில் எல் சால்வடோர் ராணுவத்தின் முன்னாள் கர்னல் மொன்டானோவுக்கு 133 ஆண்டு சிறை விதித்தது. ஆனால் அந்தத் தண்டனை ஸ்பெயினில் பிறந்த 5 குருக்களின் கொலைக்கு மட்டும். சால்வடோர்க்காரரான ஹோவாக்கின் லோபெஸ் சாமியாரும், எல்பாவும், செலினாவும் அதில் சேரவில்லை. அமெரிக்கா மொன்டானோவை ஸ்பெயினிடம் ஒப்படைத்ததே அந்த 5 கொலைகளுக்காகத்தான் என்பது காரணம். சட்டம் புரிகிறது. மனசு ஒப்பவில்லை. தோட்டத்தில் மட்டும் 8 பேரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: ஸ்பானிஷ் தெரிந்த யாரையாவது கூட்டிப் போங்கள். நேரம் ஒதுக்கிப் போங்கள், பக்கத்துச் சிற்றாலயத்தையும் விடாதீர்கள். குருக்கள் அங்கேதான் அடக்கம். முடிந்தால் நவம்பர் நடுவில், நினைவு நாளை ஒட்டிய இரவில் போகும்படி பாருங்கள். தரையெல்லாம் வண்ண உப்புக் கோலம், மக்கள் கையில் விளக்கோடு பவனி. நான் போனது வேறு மாதம். அம்மாவை ஒரு நவம்பரில் அங்கே கூட்டிப் போக வேண்டும்.