கனூட்டா, ஓலாஃபா?

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் அரசர்களில் பெரியவர் யார் என்றால் பலரும் டென்மார்க்கின் கனூட்டைத்தான் சொல்வார்கள். ஆட்சியை வைத்துப் பார்த்தால் என் ஓட்டும் அவருக்கே. செத்த பிறகு நிலைத்த பேரை வைத்துப் பார்த்தால், அவரிடம் நார்வேயைப் பறிகொடுத்த ஓலாஃப் ஹரால்ட்சன் முந்திவிடுகிறார்.

1016இல் இங்கிலாந்தைப் பிடித்த கனூட், 1018இல் அந்த நாட்டிடம் கறந்தது 72,000 பவுண்டு. லண்டன் தனியாக 10,500 கட்டியது. ஈவிரக்கமில்லாத வசூல்தான். ஆனால் அந்தப் பணத்தில் படைக்குக் கணக்குத் தீர்த்து, 40 கப்பல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஊருக்கு அனுப்பிவிட்டார். கொள்ளையடித்துவிட்டு ஓட நினைப்பவர் இப்படிச் செய்யமாட்டார். முந்தைய அரசரின் விதவை எம்மாவை மணந்தார். பழைய ஆங்கிலேயச் சட்டங்களையே தொடர்ந்தார்.

ஓலாஃபோ நார்வேயில் கிறிஸ்தவத்தை வாள்முனையில் பரப்பி, ஊர்ப் பெரிய தலைகளைப் பகைத்துக்கொண்டார். அவர்களைக் கனூட் காசு கொடுத்து வளைத்தார். 1028இல் பெரிய சண்டையே இல்லாமல் நார்வே கைமாறியது. 1030இல் நாட்டை மீட்க வந்த ஓலாஃபை ஸ்டிக்லஸ்டாட்டில் வெட்டிச் சாய்த்ததும் சொந்த நாட்டுக்காரர்களே.

அதோடு முடிந்திருக்கும். கெடுத்தவர் கனூட்தான். சின்னப் பையனான மகன் ஸ்வைனையும் அவன் தாயும் தன் முதல் மனைவியுமான ஆல்ஃப்கிஃபுவையும் நார்வேயை ஆள அனுப்பினார். அவர்கள் போட்ட வரியில் ஓலாஃபே தேவலை என்றாகிவிட்டது. ஓலாஃப் செத்து ஓராண்டு கழித்து அவர் சவப்பெட்டியைத் திறந்தார்கள். முடியும் நகமும் வளர்ந்திருக்கின்றன என்றார் பிஷப் கிரிம்கெல். மணலில் புதைத்தால் பிணம் மெதுவாகத்தான் அழுகும் என்று ஆல்ஃப்கிஃபு வாதாடியதாக, இரு நூற்றாண்டு கழித்து ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதுகிறார். (நியாயமான சந்தேகம்தான்!) யாரும் காதில் வாங்கவில்லை. ஓலாஃப் புனிதரானார், 1035இல் அவர் மகன் மேக்னஸ் அரியணை ஏறினார்.

கனூட்டுக்கு மிஞ்சியது அலைக்கதை. கடலையே நிற்கச் சொன்ன அகம்பாவி என்று இன்றும் கேலி செய்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் அதை எழுதிவைத்த ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஹண்டிங்டன் ஹென்றி சொன்னதோ நேர் எதிர்: காலை நனைத்த அலையைக் காட்டி, மன்னர்களின் அதிகாரம் வெறும் வெற்று என்கிறார் கனூட்.

செத்த பிறகும் நிம்மதி இல்லாதது மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். இங்கிலாந்தின் வின்செஸ்டரில் கனூட்டின் எலும்புகளை 1642இல் சிப்பாய்கள் வாரி இறைத்தார்கள். இப்போது பலருடைய எலும்புகளோடு பெட்டிகளில் கலந்து கிடக்கின்றன. 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில் ஓலாஃபின் உடல் இருந்த வெள்ளிப் பேழையைக் கழற்றிக்கொண்டு போய் உருக்கினார்கள். கொண்டுபோனது டென்மார்க்குக்கு.