கைசர் காலத்து ஜெர்மன் பதக்கப் பட்டை: சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க எந்த வழி எப்போது உதவும்?

பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பைப் பார்த்தால் பெரும்பாலும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். ஜெர்மன் பதக்கங்களில் அந்த வழக்கம் இல்லை. ஒரே பட்டையில் ஏழெட்டுப் பதக்கங்கள் தொங்கினாலும் பெயரென்று ஓர் எழுத்துகூட இருக்காது. எந்தெந்த விருதுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பதுதான் அடையாளம். அந்தச் சேர்க்கையை வைத்து ஆளைத் தேட நான்கு வழிகள் உண்டு: முதல் உலகப்போருக்கு முந்தைய அதிகாரிகள் பட்டியல், ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த சிற்றரசுகளின் விருதுப் பதிவேடுகள், ஆவணக் காப்பகக் கோப்புகள், பட்டையின் பின்பக்கம். எல்லாப் பட்டைக்கும் பொருந்தும் வழி என்று ஒன்று கிடையாது. பட்டையில் என்ன இருக்கிறது என்பதே வழியைத் தீர்மானிக்கும்.

தேடுகிறவர்கள் முதலில் ஏமாறுவது இரும்புச் சிலுவையிடம்தான். 1914-ஆம் ஆண்டின் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை சுமார் ஐம்பது லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. 1934-இல் வந்த உலகப்போர் கௌரவச் சிலுவை அதைவிட அதிகம். இந்த இரண்டும் மட்டும் உள்ள பட்டைக்குச் சொந்தக்காரரைத் தேடுவது வீண் வேலை. யாராவது பெயர் சொல்லி விற்றால் காகித ஆதாரத்தைக் கேளுங்கள். ஆளைக் காட்டிக்கொடுப்பது வீரத்துக்கான விருதுகளைவிட, அமைதிக் காலத்தில் சத்தமில்லாமல் வந்த சின்னச் சின்ன ஆர்டர்கள், அதாவது அரசர்கள் வகுப்பு வாரியாகத் தந்த கௌரவ விருதுகள்.

அதிகாரிகள் பட்டியல் (ராங்லிஸ்டே)

ஜெர்மன் அரசுகளில் மிகப் பெரியதான ப்ரஷ்யாவின் ராணுவ ராங்லிஸ்டே ஆண்டுதோறும் அச்சானது. போருக்கு முந்தைய கடைசிப் பதிப்பு 1914 மே மாத நிலவரம். ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும் அதிகாரிகளின் பெயர், அதன் பக்கத்தில் அவர் வாங்கிய ஆர்டர்கள் குறியீடாக இருக்கும். பவேரியா, சாக்ஸனி, கடற்படை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புத்தகங்கள்.

ஒரு கற்பனைப் பட்டையை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சிலுவை, வாள்களுடன் ஹோஹென்சோலர்ன் ஹவுஸ் ஆர்டர், செங்கழுகு ஆர்டர் 4-ஆம் வகுப்பு, 25 ஆண்டு சேவைச் சிலுவை, 1897 நூற்றாண்டுப் பதக்கம், ஓல்டன்பர்க் ஃப்ரீட்ரிஹ் ஆகஸ்ட் சிலுவை, ருமேனியாவின் கிரௌன் ஆர்டர். 1897 மார்ச் 22-இல் ஜெர்மன் சக்கரவர்த்தி முதலாம் வில்ஹெல்மின் நூறாவது பிறந்தநாளை ஒட்டி வந்தது அந்தப் பதக்கம். எனவே ஆள் அப்போதே படையில் இருந்தவர். செங்கழுகு 4 இருப்பதால் 1914-இல் அவர் கேப்டனாகவோ மேஜராகவோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ருமேனியா 1916 ஆகஸ்டில் எதிரணிக்குப் போய்விட்டது. அதனால் அந்த ஆர்டர் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆக, 1914 பட்டியலில் தேட வேண்டியது செங்கழுகு 4, ருமேனிய கிரௌன் என்ற இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் கேப்டன்களையும் மேஜர்களையும். கிடைக்கிற சில பெயர்களில் ஓல்டன்பர்க்கோடு தொடர்புள்ளவர் யார் என்று அடுத்து பார்க்கலாம். அங்கே முகாமிட்டிருந்த 91-ஆம் காலாட்படை அதற்கு நல்ல தொடக்கம்.

சொல்லும்போது சுலபம். புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். கடைசியில் உள்ள அகராதி பெயர் வரிசையில்தான் இருக்கிறது, விருது வரிசையில் இல்லை. ஸ்கேன் பிரதிகளில் கணினித் தேடலும் கைவிடும்: எழுத்து ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்து, ப்ரஷ்ய ஆர்டர்களோ குட்டிப் படக் குறிகள். கண்ணால் வரி வரியாகப் போவதைத் தவிர வழியில்லை. அபூர்வமான வெளிநாட்டு ஆர்டரின் சுருக்கத்தை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு புரட்டினால் வேகம் கூடும்.

இந்த வழியில் சரியான ஆளைத் தவறவிடச் செய்யும் நான்கு காரணங்கள் உண்டு. ஒன்று, சேவைச் சிலுவை 1914 பட்டியலில் இல்லையே என்று ஆளைத் தள்ளிவிடுவது. போர் ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டதால் பலருக்கு அது போருக்குள்ளோ போர் முடிந்த பிறகோதான் வந்தது. இரண்டு, 1897 பதக்கத்தைப் பட்டியலில் தேடுவது. அந்த மாதிரி நினைவுப் பதக்கம் அங்கே குறிக்கப்படுவதில்லை. மூன்று, மேல் வகுப்பு வந்தால் கீழ் வகுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மறப்பது. பட்டியலில் ப்ரஷ்ய கிரௌன் ஆர்டர் 4-ஆம் வகுப்பு, பட்டையில் 3-ஆம் வகுப்பு என்றால் முரண் இல்லை. இரண்டாம் வகுப்பு கழுத்தில் தொங்கும், பட்டையிலேயே இருக்காது. நான்கு, போர் தொடங்கியதும் பலர் எதிரி நாட்டு ஆர்டர்களைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே பட்டியலில் இருப்பது பட்டையில் இல்லாமல் போகலாம். பட்டையிலுள்ள போருக்கு முந்தைய ஆர்டர் பட்டியலில் இல்லையென்றால்தான் சந்தேகம்.

வெளிநாட்டு ஆர்டர் படைப்பிரிவையும் காட்டும். ரஷ்யச் சக்கரவர்த்தி கைசர் அலெக்ஸாண்டர் கார்டு கிரனேடியர் படையின் கௌரவத் தலைவர். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி கைசர் ஃப்ரான்ஸ் படைக்கு. இப்படிப்பட்ட படைகளின் அதிகாரிகளிடம் அந்தந்த நாட்டு ஆர்டர்கள் குவிந்திருக்கும். அங்கிருந்து தேடலைத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதே சேர்க்கை ஒரே படையில் ஐந்து பேரிடம் இருக்கவும் கூடும்.

சிற்றரசுப் பதிவேடுகள்

ராங்லிஸ்டேயில் சிப்பாயும் சார்ஜெண்டும் இல்லை. அவர்களுக்கு உள்ள வாய்ப்பு ஹாம்பர்க், லூபெக், பிரெமன், லிப்பே, ஷாம்பர்க்-லிப்பே, அன்ஹால்ட் போன்ற அரசுகளின் போர்க்கால விருதுப் பட்டியல்கள். எங்கெங்கே பதிவேடு தப்பியிருக்கிறதோ அங்கே பெயர், பதவி, படை மூன்றும் கிடைக்கலாம். ஒரே ஒரு ஹாம்பர்க் சிலுவை மட்டும் இருந்தால் பயனில்லை, ஆயிரக்கணக்கான பெயர்கள் வரும். இரண்டு சிற்றரசு விருதுகள் ஒரே பட்டையில் இருந்தால் கதையே வேறு. லிப்பேயும் ஷாம்பர்க்-லிப்பேயும் சேர்ந்தால், டெட்மோல்டில் இருந்த 55-ஆம் காலாட்படை, பூக்கெபுர்கில் இருந்த 7-ஆம் யேகர் படை ஆகியவற்றின் ஆட்கள் முதலில் வருவார்கள். இரு பட்டியல்களிலும் பொதுவான பெயரைத் தேட வேண்டியதுதான்.

பதவியை ஊகிக்கும்போது மட்டும் எச்சரிக்கை. பவேரியாவில் ராணுவ மெரிட் ஆர்டர் அதிகாரிக்கு, மெரிட் சிலுவை கீழ்நிலையினருக்கு, வேறுபாடு தெளிவு. ஹெஸ்ஸேயின் வீரப் பதக்கமோ ஜெனரலுக்கும் உண்டு, சிப்பாய்க்கும் உண்டு.

லாண்ட்வேர் சேவைச் சிலுவை இருந்தால் ஆள் நிரந்தர அதிகாரி அல்ல, ரிசர்வ்காரர். வக்கீலோ வாத்தியாரோ வனத்துறைக்காரரோ ஆக இருக்கலாம். அவரை ராங்லிஸ்டேயில் படைப்பிரிவின் ரிசர்வ் வரிசையிலோ மாவட்டத் தலைமையகத்தின் கீழோ பார்க்க வேண்டும். பலர் முன்பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு இல்லை என்று மூடிவிடுகிறார்கள்.

காப்பகங்கள்

இங்கே பிறந்த அரசுதான் விதி. 1945 ஏப்ரல் 14 இரவு பாட்ஸ்டாம் மீது நடந்த விமானத் தாக்குதலில் ப்ரஷ்ய ராணுவத்தின் பெரும்பாலான ஆள்கோப்புகள் எரிந்துபோயின. எனவே ப்ரஷ்யப் பட்டைக்குக் காப்பகத்தை நம்பி உட்கார முடியாது. அச்சான பட்டியல்களே கதி. பவேரியப் பட்டை என்றால் நேர்மாறு: மியூனிக் போர்க் காப்பகத்தில் அதிகாரிக் கோப்புகளும் சிப்பாய்களின் பதிவேடுகளும் தப்பியுள்ளன, விருதுகளும் அதில் எழுதப்பட்டிருக்கும். அங்கே ராங்லிஸ்டே வெறும் முதல்படி. வூர்ட்டெம்பெர்குக்கு ஸ்டுட்கார்ட், பாடனுக்கு கார்ல்ஸ்ரூஹே. கடற்படை ஆவணங்களும் பெருமளவு தப்பி ஃபிரைபுர்கில் இருக்கின்றன. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பலைச் சேர்ந்தவரின் பட்டை கையில் கிடைத்தால், அதே வயதுள்ள ப்ரஷ்யக் காலாட்படைக்காரரைவிட அவரைத் தேடிப்பிடிக்க வாய்ப்பு அதிகம்.

காப்பகத்துக்குப் பெயரில்லாமல் எழுதினால் பதில் வராது. முதல் இரண்டு வழிகளில் பெயர்களைச் சுருக்கிய பிறகே அங்கே போக வேண்டும்.

பட்டையின் பின்பக்கம்

இது பெயர் தராது, பொய்யைக் காட்டும். ஆகவே மற்ற வழிகளுக்கு முன்னால் இதைச் செய்வது நல்லது. தைத்த கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் ஊர் தெரியும். பெர்லின் கோடே போன்ற கடைகளுக்கு நாடெங்கும் வாடிக்கையாளர்கள் இருந்ததால் பெரிய கடைச் சீட்டைவிட சிறு ஊர்த் தையல்காரரின் சீட்டே உபயோகம். புற ஊதா விளக்கில் நூலோ துணியோ நீலமாய்ப் பளிச்சென்றால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய சரக்கு. நாடாவின் மடிந்த உட்பகுதி வெளிறாமல் இருக்க வேண்டும். பதக்கம் தொட்ட இடத்தில் அதன் வடிவத்துக்கேற்ற தடம் இருக்க வேண்டும். ஒரு பதக்கத்தின் தடம் வேறொரு வடிவத்தில் இருந்தால் அதை யாரோ மாற்றியிருக்கிறார்கள், அப்படியானால் அந்தச் சேர்க்கையை வைத்து ஆளைத் தேடுவதே தவறான விடையில் முடியும்.

வரிசையையும் பாருங்கள். ப்ரஷ்யர் என்றால் பொதுவாக இரும்புச் சிலுவைக்குப் பிறகு ப்ரஷ்ய விருதுகள், பின் மற்ற ஜெர்மன் அரசுகள், கடைசியில் வெளிநாடு. அடுத்த அரசின் விருது முன்னால் வந்தால் ஆள் ப்ரஷ்யர் அல்லாதவராக இருக்கலாம். கௌரவச் சிலுவை இருந்தால் பட்டை 1934-க்குப் பிறகு தைத்தது, 1936-இல் வந்த வெர்மாக்ட் (ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவம்) சேவைப் பதக்கமும் சேர்ந்திருந்தால் ஆள் அப்போதும் படையில் இருந்தவர். தேடல் பழைய ராங்லிஸ்டேயோடு நிற்காது.

பதக்கங்கள் இல்லாமல் நாடா மட்டும் உள்ள சிறு பட்டை இருக்கிறதே, அதில் கவனம் இன்னும் தேவை. வாள்களுடன் கூடிய ஹோஹென்சோலர்ன் ஆர்டரும் இரும்புச் சிலுவையும் ஒரே கறுப்பு வெள்ளை நாடாதான். நாடாவின் மேல் குட்டி வாள்கள் விழுந்துபோயிருந்தால் இரண்டு துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். பூதக் கண்ணாடியில் அந்தத் துளைகள் தெரிந்தால், போரில் எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கே கிடைத்த விருதாக அது இருக்கக்கூடும்.