புதுப்பித்த திகதியை நம்பி 135,000 ரூபாயை விட்ட கதை

சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் கட்டுரை, எழுதிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு இது. அதிலும் ஏதாவது சஞ்சிகையிடமிருந்து "உங்கள் ரிவியூவை லிவிங் ரிவியூவாக (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ரிவியூவாக) போடுகிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

எனக்கு வந்த மின்னஞ்சல் "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கியது. நான் அப்போது தற்காலிக உதவி விரிவுரையாளர், ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது. அந்த முதல் வரியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் கேள்வி இதுதான்: கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பதா, வாரத்தில் சில நாள் கொடுப்பதா? நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள். அங்கே மாத்திரையைச் சாயத்தண்ணியோடுதான் விழுங்குவார்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்பதைப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் படித்தேன். பண்டாரவளையில் இருக்கும் ஓர் அக்காவும் நானும் தனித்தனியாக ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைச் சுருக்கங்களைச் சலித்து, முரண்பட்ட இடங்களை இரவு தொலைபேசியில் பேசித் தீர்த்தோம். மழைக்கு நெட் போனால் மறுநாள்தான்.

ரிவியூக்கள் எவ்வளவு சீக்கிரம் பழசாகின்றன என்பதை 2007இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 100 ரிவியூக்களை எடுத்துப் பார்த்ததில், பாதியைத் திருத்த வேண்டிய நிலை ஐந்தரை வருடத்துக்குள் வந்துவிட்டது. 7 சதவீதம் வெளியான அன்றே பழசு. இதற்கு ஒரு வழியாகத்தான் 2014இல் ஜூலியன் எலியட்டும் கூட்டாளிகளும் லிவிங் ரிவியூ என்ற யோசனையை எழுதினார்கள். தேடலை நிறுத்தாமல் மாதாமாதம் தேடி, புதிய ஆய்வு கிடைத்தால் சேர்த்து, எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்று சொல்லிக்கொண்டே போவது. எங்கள் கேள்விக்கு அது பொருந்தும் என்று நினைத்தோம். அந்த மின்னஞ்சலும் சரியாக அந்த நேரத்தில் வந்தது.

கட்டணம் 450 டொலர். அன்றைய விலைக்கு ஏறக்குறைய 135,000 ரூபாய். அக்காவும் நானும் பாதிப் பாதி போட்டோம். மூன்றே நாளில் மதிப்பீட்டாளர் கருத்து வந்தது: "ஆங்கிலம் நன்று, முடிவுரையை விரிவாக்கவும்." ரிவியூவில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று காட்டும் பிரிஸ்மா பட்டியலின் 27 அம்சங்களில் ஒன்றைப் பற்றியும் ஒரு கேள்வி இல்லை. அப்போதும் சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட்டோம்.

கட்டுரை வெளியான பிறகு, இரண்டாவது மாதத் தேடலின்போதுதான் எங்கள் சொந்தத் தவறு கண்ணில் பட்டது. ஒரே ஆய்வைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்திருந்தன. நாங்கள் அவற்றை இரண்டு ஆய்வுகளாக எடுத்து, அதே பெண்களை இரண்டு முறை எண்ணியிருந்தோம். ரிவியூ செய்பவர்களுக்கு இது தெரிந்த பிசகுதான், நடந்தால் திருத்த வேண்டும். சஞ்சிகைக்கு அன்றே எழுதினோம். பதில் இல்லை. மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: "பதிப்புப் புதுப்பிப்புக் கட்டணம் 200 டொலர்." இலவசம் என்று சொன்னீர்களே என்று கேட்டால், அது எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு மட்டுமாம். சரி, கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்றோம். அதற்கு 300 டொலர்.

இதைவிட மோசமானது வேறு. நுவரெலியாவில் ஒரு பயிற்சிப் பட்டறையில், குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் கட்டுரையை அச்செடுத்து, அடிக்கோடிட்டு வைத்திருந்தார். "இது போன வாரம் புதுப்பிச்சது மிஸ்" என்று தலைப்பைக் காட்டினார். அங்கே "கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று உண்மையாகவே போன வாரத் திகதி. உள்ளே ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அவர் அடிக்கோடிட்டிருந்த எண் எங்கள் பிழையான எண். அந்த இணையத்தளத்தில் திகதி தானாக மாறும்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டுரையை வாங்கி, ஓரத்தில் பேனையால் சரியான எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

அன்று இரவு செய்ததை முதல் நாளே செய்திருக்கலாம். கட்டுரையில் போட்டிருந்த டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்ணை, டிஓஐ தளத்தில் தட்டினேன். அப்படி ஒரு எண்ணே பதிவில் இல்லை. தரம் பார்த்துச் சேர்க்கும் திறந்த அணுகல் சஞ்சிகைகளின் டோஜ் (DOAJ) பட்டியலில் இந்தச் சஞ்சிகை இல்லை. "கூகுள் ஸ்கொலரில் இருக்கிறோம்" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள், அங்கே யார்தான் இல்லை? லிவிங் என்று போட்டிருந்த மற்றக் கட்டுரைகளைத் திறந்தேன். பழைய பதிப்புக்கு இணைப்போ, மாற்றக் குறிப்போ ஒன்றிலும் கிடையாது. 2020இல் பிஎம்ஜே மருத்துவச் சஞ்சிகை வெளியிட்ட கொவிட் மருந்துகள் பற்றிய லிவிங் ரிவியூவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது எத்தனையாவது பதிப்பு என்று வாசகருக்கான குறிப்பே சொல்லும்.

வேறு ஒரு நல்ல சஞ்சிகைக்கு அனுப்பினோம். ஏற்கெனவே வெளியானது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவர்கள் மேல் பிழையில்லை. எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு தற்செயல்தான். பக்கத்தின் அடியில் அந்தக் கும்பலே சிசி பை உரிமம் என்று போட்டிருந்தது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் திருத்தி வெளியிடலாம் என்பது அந்த உரிமம். திருத்திய பதிப்பை ஸெனோடோ என்ற திறந்த ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினோம். காசு இல்லை, பதிப்புக்குப் பதிப்பு தனி டிஓஐ, பழையதும் அழியாது.

பழைய கட்டுரை இன்னும் கூகுளில் மேலே வருகிறது, திகதியும் வாராவாரம் மாறுகிறது. இரும்புச்சத்து மாத்திரை பற்றிய அந்த ரிவியூ உங்கள் கைக்கு வந்தால், தலைப்பில் உள்ள திகதியை விட்டுவிட்டு, முறைகள் பகுதியில் எந்தத் திகதி வரை தேடினோம் என்று பாருங்கள். மார்ச் என்று இருந்தால் அது பிழையோடு உள்ள பிரதி.