எல்லை தாண்டும் லைசென்ஸ்: மூன்று சட்ட வழிகள், எதற்காக முதலில் போராடுவது?

வீடியோவில் கிளையண்ட் முகம் தெரிந்ததும், நலம் விசாரிப்பதற்கு முன்பே அமெரிக்காவில் ஒரு மனநல ஆலோசகர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இப்போ எந்த மாநிலத்துல இருக்கீங்க?"

பதட்டத்துக்காக எட்டு மாதமாகப் பேசிவரும் ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தேர்வு முடிந்து, பக்கத்து மாநிலத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாள். அவளுக்கு அதிகம் பேச வேண்டியிருப்பதே அந்த வீட்டில் இருக்கும் நாட்களில்தான். ஆனால் அங்கிருந்து அவள் அழைத்தால் ஆலோசகர் பேச முடியாது. கிளையண்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும் என்பதுதான் பொது விதி. ஆகஸ்ட் வரை சிகிச்சை நிற்கும். இல்லாவிட்டால் புதிதாக ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குக் காரணம், லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் வேலை என்பது. 1976-இல் வர்ஜீனியா ஆலோசகர்களுக்கு முதல் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலமான கலிஃபோர்னியா 2009-இல்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட 33 ஆண்டுகளில் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் எழுதிக்கொண்டது. ஒரே தொழிலுக்கு ஓரிடத்தில் எல்.பி.சி., இன்னோரிடத்தில் எல்.எம்.எச்.சி., வேறோரிடத்தில் எல்.பி.சி.சி. என்று பெயரே மாறும். கொலராடோவில் 2,000 மணி மேற்பார்வைப் பணி, கலிஃபோர்னியாவில் 3,000. தேர்வும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

இதை உடைக்க மாநிலச் சட்டமன்றங்களில் மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன: மாநிலங்களுக்கு இடையிலான காம்பாக்ட் (ஒரே வாசகத்தைச் சட்டமாக்கிச் சேரும் ஒப்பந்தம்), வெளிமாநில லைசென்ஸை ஏற்கும், எல்லாத் தொழிலுக்குமான பொது ஏற்புச் சட்டம், லைசென்ஸ் கொடுக்கும் மாநில உரிம வாரியத்தின் எண்டார்ஸ்மென்ட் (வெளிமாநில லைசென்ஸ் உள்ளவருக்கு முழு லைசென்ஸ் தருவது) விதித் திருத்தம். பெரும்பாலான மாநில ஆலோசகர் சங்கங்கள் தன்னார்வலர்களை நம்பி ஓடுபவை. ஒரு கூட்டத்தொடருக்கு ஒரு மசோதாவுக்கு மேல் தூக்கிச் சுமக்க ஆள் இருக்காது. ஆகவே எது முதலில் என்பது முக்கியமான கேள்வி. என் வாக்கு காம்பாக்டுக்கு. ஆனால் காம்பாக்ட் வெளியே நிறுத்திவிடும் ஆட்களுக்காக வாரிய விதியையும் கைவிடக் கூடாது என்பேன்.

காம்பாக்ட்

இதன் மாதிரிச் சட்டம் 2020 டிசம்பரில் தயாரானது. அமெரிக்க ஆலோசகர் சங்கம் பணம் கொடுக்க, மாநில அரசுகளின் கவுன்சில் வரைவு செய்தது. 2021-இல் ஜார்ஜியா முதலில் நிறைவேற்றியது, அடுத்து மேரிலாந்து. பத்து மாநிலம் சேர்ந்தால் உயிர் பெறும் என்பது நிபந்தனை; 2022-இலேயே அது தாண்டிவிட்டது. இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் உள்ளே.

இது ஒரே லைசென்ஸ் எங்கும் செல்லும் முறை அல்ல. நர்ஸ்களுக்கு இருப்பது அந்த முறை. இங்கே சொந்த மாநில லைசென்ஸ் அடிப்படையாக இருக்க, மற்ற உறுப்பு மாநிலத்தில் 'பணிபுரியும் உரிமை' ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். 60 செமஸ்டர் கிரெடிட் முதுகலைப் படிப்பு, தேசிய அளவில் ஏற்கப்பட்ட தேர்வு, மேற்பார்வையில் செய்த பணி, கைரேகைச் சோதனை எல்லாம் வேண்டும். உரிமை கிடைத்தால் அந்த மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நேரிலும் வீடியோவிலும் பார்க்கலாம். இரு மாநிலமும் உறுப்பாக இருந்தால் அந்த மாணவியின் மே மாதச் சிக்கல் தீர்ந்தது.

சட்டமன்றத்தில் இதன் பெரிய சிரமம், வாசகத்தை மாற்ற முடியாது என்பதே. சாரமான திருத்தம் ஒன்று நுழைந்தால், அந்த மாநிலம் நிறைவேற்றியது காம்பாக்ட் அல்ல, வேறு ஏதோ சட்டம் ஆகிவிடும். உறுப்பினர்களோ திருத்திப் பழகியவர்கள். நல்லெண்ணத்தோடுதான் ஒரு வரியைச் சேர்க்கப் பார்ப்பார்கள். சங்கத்தின் உழைப்பில் பாதி, "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்வதிலேயே கரையும்.

அடுத்து வரும் கேள்வி இறையாண்மை. காம்பாக்டை நடத்துவது உறுப்பு மாநிலங்களின் கூட்டு ஆணையம் ஒன்று. "வெளியூர் ஆணையம் எழுதும் விதி எங்கள் மாநிலத்தை எப்படிக் கட்டுப்படுத்தும்?" இது நியாயமான கேள்வி. இதை அலட்சியமாகக் கடந்த சங்கங்கள் வாக்குகளை இழந்திருக்கின்றன என்பது என் எண்ணம். பதில் வாசகத்திலேயே இருக்கிறது. ஆணையத்தில் உறுப்பு மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி. ஆணைய விதி ஒன்றை உறுப்புச் சட்டமன்றங்களில் பெரும்பான்மை நான்கு ஆண்டுக்குள் நிராகரித்தால் அது செல்லாது. வெளியேற விரும்பும் மாநிலம் ரத்துச் சட்டம் போட்டால் ஆறு மாதத்தில் விலகலாம். பிரிவு எண்ணோடு இதைக் கையில் வைத்திருக்கும் சாட்சி கமிட்டி அறையில் தடுமாற மாட்டார்.

கைரேகை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் காலை வாரிவிடும். எஃப்.பி.ஐ. பதிவுகளைப் பார்க்க உரிம வாரியத்துக்கு மாநிலச் சட்டம் வெளிப்படையாக அதிகாரம் தந்திருக்க வேண்டும். அது இல்லாத மாநிலத்தில் காம்பாக்ட் மசோதாவோடு அந்தப் பிரிவையும் கொண்டுவராவிட்டால், சட்டம் நிறைவேறியும் அமல் நகராது.

குறையையும் சொல்லியாக வேண்டும். 2022-இல் பத்து மாநிலம் சேர்ந்தும், முதல் உரிமைகள் வழங்கப்பட்டது 2025-இன் பிற்பகுதியில், அரிசோனாவிலும் மினசோட்டாவிலும். இடையில் விதி எழுதவும், மாநிலங்கள் தகவல் பரிமாறும் கணினி அமைப்பைக் கட்டவும் மூன்றாண்டு போனது. "சட்டம்தான் வந்துவிட்டதே, எப்போது கிடைக்கும்?" என்று கேட்ட உறுப்பினர்களுக்குச் சங்கங்களிடம் நல்ல பதில் இல்லை. தவிர, 2025 முடியும் வரை கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் உள்ளே வரவில்லை. இன்னும் மேற்பார்வையின் கீழ் இருக்கும் புதியவர்களுக்கு இதில் இடமே இல்லை. 48 கிரெடிட் காலத்தில் படித்து லைசென்ஸ் வாங்கிய மூத்தவர்கள், இருபது ஆண்டு அனுபவம் இருந்தும், பாடங்களை நிரப்பினால்தான் உள்ளே வர முடியும்.

பொது ஏற்புச் சட்டம்

2019-இல் அரிசோனா ஆளுநர் டக் டூசி கையெழுத்திட்டது இந்த வகையில் முதல் சட்டம். முடிதிருத்துபவர் முதல் ஆலோசகர் வரை, வேறு மாநிலத்தில் குறைந்தது ஓராண்டு லைசென்ஸ் வைத்திருந்து, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லாமல், அரிசோனாவில் குடியேறினால் லைசென்ஸ் கொடு என்றது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

இதை நிறைவேற்ற ஆலோசகர் சங்கம் பெரிதாக உழைக்கவே வேண்டாம். ஆளுநர் அலுவலகமும், உரிமக் கெடுபிடிகளைக் குறைக்க நினைக்கும் அமைப்புகளும் சேர்ந்தே தள்ளிவிடும். சாமான் சட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு குடிபெயரும் ஆலோசகருக்கு இது உண்மையிலேயே நல்லது. ஆனால் 'குடியேறினால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆலோசகர் வீடு மாறவில்லை. கிளையண்ட்தான் விடுமுறைக்குப் போயிருக்கிறாள். இந்தச் சட்டம் அவளை எட்டவே எட்டாது.

எனக்குக் கவலை தருவது வேறு. பொது ஏற்பு வந்த மாநிலத்தில் காம்பாக்டோடு போனால், "போன வருஷமே இதைச் செய்துகொடுத்தோமே" என்று கதவைச் சாத்துகிறார்கள். அப்போது எடுத்துக்காட்ட வேண்டிய மாநிலம் அரிசோனாதான். பொது ஏற்பை நாட்டுக்கே அறிமுகப்படுத்திய மாநிலம், அது போதும் என்று உட்காரவில்லை. காம்பாக்டிலும் சேர்ந்து, உரிமை வழங்கிய முதல் இரண்டில் ஒன்றாக நின்றது. இரண்டும் வேறு வேறு வேலைக்கு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எண்டார்ஸ்மென்ட் விதி

இதற்கு ஊர்வலமும் இல்லை, ஆளுநரோடு புகைப்படமும் இல்லை. ஏற்கெனவே ஒரு மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு இன்னொரு மாநிலம் எந்த நிபந்தனையில் முழு லைசென்ஸ் தரும் என்ற விதி இது. பல மாநிலங்களில் இதன் நுணுக்கங்களை எழுதுவது வாரியமே, சட்டமன்றம் அல்ல. எல்லாம் சிக்கிக்கொள்ளும் இடம் ஒரே சொற்றொடர்: முந்தைய மாநிலத்தின் தகுதிகள் 'கணிசமாக ஈடானவையாக' இருக்க வேண்டும். அதை ஒரு வாரிய அதிகாரி எப்படி வாசிக்கிறார் என்பதில் ஒருவரின் ஒரு வருட வருமானம் தொங்கும். பத்தாண்டுக்கு முன் செய்த மேற்பார்வை நேரத்துக்கு, ஓய்வுபெற்றுவிட்ட மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னதால் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அதே சொற்றொடருக்குப் பதில், "இத்தனை ஆண்டு குறையில்லாமல் சுயமாகப் பணிபுரிந்திருந்தால் போதும்" என்று எழுதவைத்தால் கதை மாறிவிடும். 2016-இல் அமெரிக்க ஆலோசகர் சங்கம் ஏற்ற மாதிரித் திட்டத்தின் திசையும் இதுதான்: சுயமாகப் பணிபுரியும் லைசென்ஸை மறுபடி தோண்டித் துருவாமல் ஏற்றுக்கொள்வது. 48 கிரெடிட் மூத்தவருக்கு வழி திறப்பது இங்கேதான். செலவும் குறைவு. விதித் திருத்த அறிவிப்பு வந்ததும் பொதுக் கருத்துக் காலத்தில் உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை எழுத்தில் தர வேண்டும், வாரியக் கூட்டத்துக்கு இரண்டு பேர் தவறாமல் போக வேண்டும். சேராத பெரிய மாநிலங்களுக்குள் நுழையவும் இந்த வாசல்தான்.

ஃபுளோரிடா 2019-இல் கொண்டுவந்த டெலிஹெல்த் பதிவு முறையையும் சிலர் நான்காவது வழியாகச் சொல்வார்கள். வெளிமாநில லைசென்ஸ் உள்ளவர் பதிவு செய்துகொண்டு ஃபுளோரிடாவில் இருப்பவரை வீடியோவில் பார்க்கலாம். அங்கே அலுவலகம் திறக்க முடியாது. மாணவி ஃபுளோரிடாக்காரியாக இருந்தால் அருமையான தீர்வு. ஆனால் அது ஒருவழிப் பாதை. ஃபுளோரிடா ஆலோசகருக்கு வெளியே எந்தக் கதவும் அதனால் திறக்காது. ஆகவே, சங்கம் தன் உறுப்பினர்களின் சந்தாவைக் கொட்டிப் போராட ஏற்றதாக எனக்குப் படவில்லை.

இன்னும் காம்பாக்டில் சேராத மாநிலத்தில் ஒரு சங்கத்துக்கு நான் யோசனை சொல்வதானால், கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் காம்பாக்ட் மசோதாவைத் தவிர வேறெதிலும் கை வைக்காதீர்கள் என்பேன். சட்டமன்றம் கலைந்திருக்கும் மாதங்கள் வாரிய விதிக்கு. டெக்சாஸ் போல இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டுமே சட்டமன்றம் வழக்கமாகக் கூடும் இடங்களில் அந்த இடைவெளி மிக நீளம். அதில் வேலை செய்யாதவர்கள் இரண்டாண்டைத் தொலைக்கிறார்கள். பொது ஏற்பு மசோதாவை யாராவது கொண்டுவந்தால் எதிர்க்க வேண்டியதில்லை. "இது குடியேறுபவருக்கு, காம்பாக்ட் கிளையண்டுக்கு" என்ற ஒரு வரியை அன்றே பதிவில் ஏற்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு அது தேவைப்படும்.

கமிட்டியில் சாட்சி சொல்லப் பல நேரம் இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும். தொழிலின் வரலாற்றையும் சங்கத்தின் பெருமையையும் சொல்லத் தொடங்கினால் பாதி நேரம் போய்விடும். உறுப்பினர்கள் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். பெயர் சொல்லாமல் அந்த மாணவியின் மே மாதத்தைச் சொல்லுங்கள். அவள் ஊர் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தொகுதியாகவும் இருக்கலாம்.