நிலைக்கு வேங்கை, கதவுக்குத் தேக்கு

தலைவாசல் என்றால் நிலையும் கதவும் ஒரே மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் முழுவதையும் தேக்கில் செய்துவிடுகிறார்கள். அவசியமில்லை. நிலை சுவரோடு பிடிபட்டு நிற்கிறது. அதற்கு வேண்டியது உறுதியும் கரையானைத் தாங்கும் வைரமும், அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியும். கதவோ கீலில் தொங்குகிறது, வெளிப்பக்கம் வெயிலையும் சாரலையும் வாங்குகிறது. அது நெளியக் கூடாது.

வேம்பு மலிவு, வைரத்தில் பூச்சியும் எளிதில் ஏறாது. ஆனால் இழை பின்னி ஓடுவதால் இழைக்கும்போது சிம்பு பெயரும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். சொந்தத் தோட்டத்து மரம் இருந்தால் உள்ளறை நிலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அறுத்ததும் முனைகளில் பெயின்ட் பூசி, இடையிடையே ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, நிழலில் ஒரு வருடமாவது அடுக்கிவைக்க வேண்டும்.

7க்கு 3½ அடி நிலைக்கு 5க்கு 3 அங்குலச் சட்டம் 21 அடி வேண்டும், ஏறக்குறைய 2.2 கன அடி, கழிவோடு 2½ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வேங்கையில் செய்தால் மிச்சமாகும் பணத்தில் கதவுக்கு நல்ல தேக்கு வாங்கலாம். வேங்கையில் துளை போடாமல் ஆணி அடித்தால் வெடிக்கும். ஈரம் பட்டால் சாயம் இறங்கி, புதுப் பூச்சில் மஞ்சள் கறை விழும். சுவரைத் தொடும் பக்கங்களுக்கு இரண்டு கை பிரைமர் அடித்த பிறகே நிறுத்த வேண்டும். குமரிப் பக்கம் கோங்கு கிடைத்தால் நிலைக்கு அதுவும் சரி. கதவாக அதைப் பார்த்தது குறைவு, அந்த ஊர்த் தச்சரைக் கேளுங்கள்.

கதவுக்குத் தேக்குதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அதன் சுருக்கம் குறைவு என்பதே. பச்சை மரம் முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5 சதவீதம் சுருங்கும், குறுக்கே அதில் பாதி. காய்ந்த மரத்தில் 12 சதவீத ஈரம் இருந்து, ஐப்பசி மழையில் அது 17 ஆனால், 10 அங்குலப் பலகை 2 மில்லிமீட்டர் விரியும். தேக்கிலேயே இவ்வளவு. அதனால் பலகையைக் கதவுச் சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) பசை போடாமல், பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடம் விட்டுச் செருக வேண்டும். பசை போட்டு இறுக்கினால் கோடையில் சுருங்க வழியின்றிப் பலகை நடுவில் வெடிக்கும்.

தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி, அதிகம். அந்த வெள்ளையைக் கரையானும் பொடி வண்டும் மற்ற மரங்களைப் போலவே தின்னும். மர வாடியில் சாயம் பூசிய பலகையைத் தவிர்த்து, முனையை ஒரு கீற்று அறுக்கச் சொல்லிப் பாருங்கள். வெளிறிய விளிம்பு தெரிந்தால் அந்தப் பகுதியைக் கழித்துத்தான் கன அடி கணக்குப் போட வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டரில் 12 சதவீதத்தை ஒட்டி வந்தால் வாங்கலாம்; 20 காட்டினால் இன்னும் காயட்டும்.

மாட்டுவதற்கு முன் கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் பாலிஷ் அடிக்கச் சொல்லுங்கள். மழையில் அடிப்பக்கம் உப்பித் தரையில் உரசும் கதவுகளில் பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்பு பச்சையாகவே விடப்பட்டிருக்கும்.